ஃபேர்னஸ் அறைக்குள் வரும் குளிர்காற்றை அடைக்கலாமா?

வாசகர் கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. போன குளிர்காலத்தில் மூன்று மாதம் கனடாவில், ஸ்காபரோவில் மகள் வீட்டில் இருந்தேன். எனக்கு பேஸ்மென்டில் அறை தந்தார்கள். அதற்குப் பக்கத்தில், வீட்டைச் சூடாக்கும் காஸ் மெஷினான ஃபேர்னஸும் சுடுதண்ணீர் டாங்கியும் இருக்கும் சின்ன அறை. வெளிச்சுவரில் இருந்து ஒரு குழாய் அந்த அறைக்குள் இறங்குகிறது. அதனூடாக ஐஸ் போலக் காற்று வரும். குளிருகிறது என்று நான் சொன்னதால் மருமகன் அதற்குள் ஒரு பழைய துவாயைத் திணித்துவிட்டார். அதற்குப் பிறகு சில நாட்கள் காலையில் எழும்பும்போது தலையிடியும் வயிற்றுப் பிரட்டலும் இருந்தன. என்னோடு படுக்கும் பேத்திக்கும் அப்படித்தான். காய்ச்சல் இல்லை. வெளியே கோயிலுக்குப் போய் வந்தால் சுகமாகிவிடும். இப்போது அந்த பேஸ்மென்டை வாடகைக்கு விட ஆயத்தம் செய்கிறார்கள். ஃபேர்னஸ் அறையில் இருக்கும் இடைவெளி வைத்த கதவைக் கழற்றிவிட்டு இறுக்கமான கதவு போடவேண்டும் என்று வேலை எடுத்தவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காற்றுக்குழாய் தேவைதானா? தேவை என்றால் மருமகனிடம் எப்படிச் சொல்வது? இன்னொன்று, உப்புவெளியில் இரண்டு அறை கட்டி, வரும் வெளிநாட்டவருக்கு விடப்போகிறோம். பாத்ரூமுக்குள் காஸ் ஹீட்டர் பூட்டலாம் என்று பைப் வேலை செய்பவர் சொல்கிறார். அது சரிவருமா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

மற்றதெல்லாம் பிறகு. முதலில் மகளுக்கு ஒரு கோல் எடுங்கள். இப்போதைக்கு இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை பத்தரை, அவர்கள் எழும்பியிருப்பார்கள். துவாயை இன்றைக்கே இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபேர்னஸ் அறையின் பழைய கதவை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். பேஸ்மென்டில் காபன் மொனொக்சைட் (காஸ் அரைகுறையாக எரிந்தால் வரும் நச்சு வாயு) அலாரம் இருக்கிறதா, இருந்தால் அதன் முதுகில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்கள் சுகமாக இருந்தாலும், லைசென்ஸ் உள்ள காஸ் டெக்னீஷியன் ஒருவர் அளந்து பார்க்கும்வரை பேத்தி அந்த அறையில் படுக்க வேண்டாம். இனி யாருக்காவது அப்படித் தலையிடி வந்தால், யன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருக்காமல் எல்லோரும் வெளியே வந்து, வெளியில் நின்று 911ஐ அழைக்கவேண்டும்.

உங்களைப் பயப்படுத்த எழுதவில்லை. தலையிடிக்கு ஆயிரம் காரணம் உண்டு, உங்கள் வயதில் பிரஷரும் ஒன்று. ஆனால் நீங்கள் எழுதியதில் நான்கு விஷயம் ஒன்றாக வந்திருக்கிறது. ஒரே அறையில் படுத்த இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. காய்ச்சல் இல்லை. வீட்டை விட்டு வெளியே போனால் விட்டுவிடுகிறது. குழாயை அடைத்த பிறகுதான் தொடங்கியது. நான் ரொறன்ரோவில் இருபத்தொரு வருடம் ஃபேர்னஸ் பூட்டுவதும் திருத்துவதுமாக இருந்தவன். இந்த நான்கையும் ஒன்றாகக் கேட்டால் அந்த வாயுவை அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடுவோம். பிழை என்று தெரிந்தால் மட்டும் ஓடுவது என்றில்லை, இல்லை என்று தெரியும்வரை ஓடத்தான் வேண்டும்.

சரி, அந்தக் குழாய் எதற்கு என்பதற்கு வருகிறேன்.

உங்கள் அம்மாவின் குசினியை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பழைய குசினிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். விறகடுப்புக்கு மேலே புகைக்கூடு இருக்கும். சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பார்கள். கதவுக்கடியிலும் காற்று வரும். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாவிட்டால் ஊதாங்குழலை எடுத்து ஊதுவார்கள். அந்தக் குசினிக்குள் புகை கண்ணைக் கரித்திருக்கும், ஆனால் காற்று எங்கே இருந்து வரும், புகை எங்கே போகும் என்ற இரண்டு கேள்விக்கும் கட்டியவருக்குப் பதில் தெரிந்திருந்தது. கனடாவில் ஃபேர்னஸ் என்பது பெரிய காஸ் அடுப்புத்தான். அதே இரண்டு கேள்வியும் அதற்கும் உண்டு. புகை போகும் வழியை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் குழாய், புகைக்கூட்டுக்குள் போகிறது. காற்று வரும் வழியைத்தான் ஆட்கள் கட்டிடத்தில் விட்ட பிழை என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் மகள் வீட்டில் துவாய் வைத்து அடைத்தது அந்த அடுப்பின் மூக்கை.

எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். மகள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மெதேன். அதில் ஒரு கன அடி எரிய ஏறத்தாழ 10 கன அடி காற்று வேண்டும். அது வெறும் புத்தகக் கணக்கு. நடைமுறையில் மிச்சக் காற்றும், புகையோடு சேர்ந்து மேலே போகும் காற்றுமாக இன்னும் கூடவே போகும். மெஷின் ஒரு மணித்தியாலத்தில் எரிக்கும் சூட்டை பி.டி.யூ என்ற அளவில் சொல்வார்கள். அந்தக் காலத்து வீட்டு ஃபேர்னஸ் ஒன்று 100,000 பி.டி.யூ, பக்கத்தில் இருக்கும் சுடுதண்ணீர் டாங்கி 40,000 என்று வைப்போம். ஒரு கன அடி காஸ் ஏறத்தாழ 1,000 பி.டி.யூ சூடு தரும், ஆகவே இரண்டும் ஒன்றாக ஓடினால் மணித்தியாலத்துக்கு 140 கன அடி காஸ். அதற்குக் குறைந்தது 1,400 கன அடி காற்று. நீங்கள் சொல்லும் சின்ன அறை ஆறடி அகலம், எட்டடி நீளம், எட்டடி உயரம் என்றால் அதற்குள் இருக்கும் காற்று 384 கன அடிதான். ஒரு மணித்தியாலத்தில் அந்த அறையின் காற்று முழுவதையும் மூன்றரைத் தடவைக்கு மேல் அந்த இரண்டு மெஷினும் விழுங்கும். வெளியில் இருந்து வராவிட்டால் எங்கே இருந்து எடுக்கும்?

வட அமெரிக்காவில் காஸ் வேலை செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது, ஒவ்வொரு 1,000 பி.டி.யூவுக்கும் 50 கன அடி இடம் வேண்டும் என்பது. அதன்படி அந்த இரண்டு மெஷினுக்கும் 7,000 கன அடி வேண்டும். எட்டடிக் கூரை உள்ள பேஸ்மென்ட் என்றால் 875 சதுர அடி, எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரே இடமாக. வீடு கட்டியபோது அந்த பேஸ்மென்ட் அப்படித்தான் வெறுமையாக இருந்திருக்கும். பிறகு ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, சாமான் வைக்க ஒரு அறை என்று தடுத்துத் தடுத்து, கடைசியில் ஃபேர்னஸைச் சுற்றியும் நான்கு சுவர் எழுப்பிவிடுவார்கள். எங்கள் ஆட்களின் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். ஃபேர்னஸ் மாறவில்லை, புகைக்கூடு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த காற்று மட்டும் மாறிப்போயிற்று.

காற்றுக் குறைந்தால் நெருப்பு அணைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? உடனே அணைந்தால் நல்லது. ஒக்சிஜன் கொஞ்சம் குறையும்போது அது அணையாமல் அரைகுறையாக எரியும். முழுதாக எரிந்தால் காபன் டயொக்சைட்டும் நீராவியும் வரும், அரைகுறையாக எரிந்தால் காபன் மொனொக்சைட் வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. காஸ் லீக் ஆனால் மூக்கில் அடிக்கிற நாற்றம், வேண்டுமென்றே சேர்க்கிற மணம். அது எரிந்த பிறகு இருக்காது. ஆகவே ‘காஸ் மணமே வரவில்லையே’ என்பது இந்த விஷயத்தில் எந்த ஆறுதலும் இல்லை. இரத்தத்தில் ஒக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகும் ஹீமோகுளோபினில் இந்த வாயு ஒக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்க வாங்கி வைத்திருக்கும் சின்னக் கருவியை நம்பவும் வேண்டாம். சாதாரணமாகக் கடையில் கிடைப்பது இரண்டையும் பிரித்தறியாது, 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் தாமதிக்காமல். இப்போது மாதக்கணக்காகிவிட்டதால் உங்களுக்குப் பார்த்துப் பிரயோசனம் இல்லை.

இன்னொரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். தலையிடி வந்த அந்த நாட்களுக்கு முதல் நாள், அந்த வீட்டில் உடுப்புத் தோய்த்த நாளா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நான் இந்தத் தொழிலில் சேர்ந்த இரண்டாவது குளிர்காலம். எங்கள் ஆட்களின் வீடு ஒன்றில் பிள்ளைகளுக்குத் தலையிடி என்று கூப்பிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். நெருப்பு நல்ல நீலம். புகை ஒழுங்காக மேலே இழுக்கிறது. மீட்டரில் ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பக் கூப்பிட்டார்கள், இரண்டாவது பிள்ளை சத்தி எடுக்கிறது என்று. போய்ப் பார்த்தால் சனிக்கிழமை முழுக்க உடுப்புத் தோய்த்து டிரையர் ஓடியிருக்கிறது, மேலே விருந்துக்குச் சமைத்ததில் குசினி மின்விசிறியும் ஓடியிருக்கிறது. டிரையர் என்ன செய்யும்? வீட்டுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கி வெளியே தள்ளும். குசினி விசிறியும் குளியலறை விசிறியும் அதையே செய்யும். வெளியே தள்ளியதற்கு ஈடாக எங்கேயாவது இருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். யன்னல், கதவு எல்லாம் குளிருக்கு இறுக்கி மூடிய வீடு. காற்றுக்குழாயும் அடைபட்டிருந்தது, அங்கே தலையணை உறை. வேறு வழியே இல்லாமல் காற்று புகைக்கூட்டால் கீழே வந்தது. மேலே போகவேண்டிய புகை அதோடு சேர்ந்து பேஸ்மென்டுக்குள் திரும்பியது. அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் டிரையரைப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். அன்றிலிருந்து கடைசி நாள் வரை, வீட்டில் உள்ள எல்லா விசிறியையும் டிரையரையும் ஓடவிட்டு, கதவு யன்னலை மூடி, அந்த நிலையில் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் நான் ஒரு வீட்டிலும் கையெழுத்து வைத்ததில்லை. மகள் கூப்பிடும் டெக்னீஷியனிடமும் அப்படிச் சோதிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அவர் வரும்வரை மருமகனே ஒன்றைப் பார்க்கலாம். சுடுதண்ணீர் டாங்கியின் தலைக்கு மேல் தொப்பி மாதிரி ஒரு தகரக் கூம்பு இருக்கும், டாங்கிக்கும் அதற்கும் நடுவில் சுற்றிவர இடைவெளி. விசிறிகளைப் போட்டுவிட்டு, சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து டாங்கியில் நெருப்புப் பற்ற விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் பிடிக்கட்டும். ஊதுபத்திப் புகை உள்ளே இழுபட்டு மேலே போகவேண்டும். முகத்தை நோக்கித் திரும்பி வந்தால், உடனே டாங்கியையும் ஃபேர்னஸையும் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடவேண்டும். புகை உள்ளே போனது என்பதற்காக டெக்னீஷியன் வேண்டாம் என்று ஆகிவிடாது. காஸ் மணம் ஏதும் இருந்தால் நெருப்பே பற்றவைக்கக் கூடாது, அது சொல்லத் தேவையில்லை. டாங்கியின் தலையில் உள்ள பிளாஸ்டிக் வளையங்கள் உருகியிருக்கின்றனவா, கரி படிந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இருந்தால் சுடுபுகை பலநாளாக வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சோதனையைக் கோடையில் செய்தாலும் பொருந்தும். ஃபேர்னஸ் ஒக்டோபரில் ஓடத் தொடங்கி வசந்தத்தில் ஓய்ந்துவிடும். டாங்கி வருடம் முழுக்க எரியும்.

அடுத்து, அந்த வீட்டில் இருப்பது எந்த வகை ஃபேர்னஸ் என்று தெரியவேண்டும், ஏனென்றால் பதில் அதில்தான் தொங்குகிறது. கனடாவில் 2009 முடிவுக்குப் பிறகு தயாரித்த வீட்டு ஃபேர்னஸ்களுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் வேண்டும் என்று விதி வந்தது. அவற்றின் புகை அவ்வளவு குளிர்ந்து போகும், தகரக் குழாய் தேவையில்லை, பிளாஸ்டிக் குழாயாலேயே சுவரூடாக வெளியேறும். மெஷினில் இருந்து இரண்டு பிளாஸ்டிக் குழாய் வெளியே போகிறது என்றால் ஒன்று மூச்சு எடுக்க, மற்றது மூச்சு விட. அறையின் காற்றோடு அதற்குத் தொடர்பே இல்லை. இருப்பதில் பாதுகாப்பானது அது. ஒரே ஒரு பிளாஸ்டிக் குழாய்தான் என்றால் புகை வெளியே போகிறது, காற்று அறையில் இருந்துதான் எடுபடுகிறது. தகரக் குழாய் புகைக்கூட்டுக்குள் போகிறது என்றால் பழைய வகை, அறைக் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மகள் வீட்டில் இருப்பது இந்தக் கடைசி வகை போலத்தான் தெரிகிறது.

புது ஃபேர்னஸ் பூட்டினால் எல்லாம் தீர்ந்தது என்று மருமகன் நினைக்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ஃபேர்னஸைப் புதிதாக மாற்றி, பிளாஸ்டிக் குழாயில் வெளியே விட்டுவிடுவார்கள். பழைய டாங்கி அப்படியே நிற்கும். முன்பு இரண்டு மெஷினின் சூடும் சேர்ந்து அந்தப் பெரிய புகைக்கூட்டைச் சூடாக்கி வைத்திருந்தது, சூட்டில் புகை மேலே ஏறியது. இப்போது சின்ன டாங்கி தனியாக நிற்கிறது. குளிர்ந்த பெரிய புகைக்கூட்டுக்குள் அதன் புகை ஏறமாட்டாமல் தடுமாறும், நீர் கோர்த்து உள்ளே அரிக்கும். ஃபேர்னஸை மாற்றினால் டாங்கியின் புகைவழியையும் அதே நாளில் பார்த்தாக வேண்டும். டாங்கி இருக்கும்வரை, காற்றுக்குழாயையும் புது ஃபேர்னஸைக் காட்டி அடைக்க முடியாது.

இனி கதவு. வேலை எடுத்தவர் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். வாடகைக்கு விடும் பேஸ்மென்டில், தீ பரவாமல் தடுக்க ஃபேர்னஸ் அறைக்கு இறுக்கமான கதவு கேட்கும் இடங்கள் உண்டு. அவர் கதவைப் பற்றி மட்டும் யோசிக்கிறார், அந்தக் கதவின் இடைவெளியால்தான் ஃபேர்னஸ் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தது என்பது அவர் கணக்கில் வரவில்லை. கதவை மூடினால் காற்றை வெளியில் இருந்து நேரே கொண்டுவர வேண்டும், அல்லது இரண்டு மெஷினையும் சுவரூடாகத் தானே மூச்சு எடுக்கும் வகைக்கு மாற்றவேண்டும். வேலை முடிந்து சுவருக்குப் பெயின்ட் அடித்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது, சுவர் எழும்ப முன் காஸ் டெக்னீஷியன் வந்து பார்க்கவேண்டும். ஒன்ராறியோவில் காஸ் வேலையை டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பில் பதிந்தவர்கள்தான் செய்யலாம். சுவர் எழுப்புகிறவர் நல்ல தச்சராக இருக்கலாம், அது வேறு கைவேலை.

ஒருவேளை அந்த இடத்தில் இடைவெளிக் கதவையே வைத்திருக்கலாம் என்று வந்தால், இடைவெளிக்கும் கணக்கு உண்டு. வீட்டுக்குள் இருந்து காற்று எடுப்பதற்கு 1,000 பி.டி.யூவுக்கு ஒரு சதுர அங்குலம் என்று இரண்டு திறப்பு, ஒன்று கூரைக்குக் கீழே ஓரடிக்குள், மற்றது தரைக்கு மேலே ஓரடிக்குள். நாம் எடுத்த 140,000க்கு ஒவ்வொன்றும் 140 சதுர அங்குலம். ஆனால் கம்பிச் சட்டம் போட்ட தகர மூடி என்றால் அதில் முக்கால் பங்குதான் உண்மையில் திறந்திருக்கும், மரச்சட்டம் என்றால் கால் பங்குதான். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் மரக்கதவு காற்றுக்குச் சின்ன ஓட்டையாக இருப்பது இதனால்தான். அத்தோடு, அந்தத் திறப்புக்கு அப்பால் இருக்கும் இடம் நான் முதலில் சொன்ன 7,000 கன அடிக் கணக்குக்கு வரவேண்டும். இன்னொரு மூடிய அறைக்குள் திறந்தால் பயன் இல்லை.

அந்தக் குளிர் உண்மையான கஷ்டம், அதை நான் சின்னதாகச் சொல்லவில்லை. திருகோணமலையில் வாடைக் காற்றுக்கே போர்வை தேடும் ஆள் பனிக்காலத்தில் பேஸ்மென்டில் படுப்பது லேசா? குளிரைக் குறைக்க வழி இருக்கிறது. குழாயின் வெளிப்பக்கத்தைச் சுற்றிக் குளிர் தாங்கும் உறை போடலாம், வாயை மூடாமல். குழாயின் வாயைத் தரைக்கு அருகே ஒரு வாளிக்குள் இறக்கி விடுவார்கள். குளிர்காற்று பாரமானது, வாளிக்குள் தேங்கி நிற்கும், ஃபேர்னஸ் இழுக்கும்போது மட்டும் வழிந்து வரும். அந்த வாளியைக் குப்பை போட என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள், எடுக்க வேண்டாம். உங்கள் படுக்கையறைக் கதவின் கீழ் இடுக்கை மூடலாம். குழாயை மட்டும் அடைக்கக்கூடாது. வெளிச்சுவரில் அதன் வாயைப் பனி மூடுகிறதா, குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் பிறகு போய்ப் பார்க்கவேண்டும். அந்த அறைக்குள் பெயின்ட், பிளீச் போத்தல்கள் வைக்கவேண்டாம். அவற்றின் ஆவி நெருப்புக்குள் போய் ஃபேர்னஸின் உள்தகட்டை அரித்துவிடும்.

அலாரம் பற்றி. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், வெளியேறும் வழி அடைபட்ட காஸ் நெருப்பிடம் ஒன்றினால் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே போயிற்று. வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு 2013இல் ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம் என்று அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே சட்டம் வந்தது. காஸ் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருந்தே ஆகவேண்டும். மேல் மாடியில் ஒன்று இருக்கிறது என்று பேஸ்மென்டில் விட்டுவிடக்கூடாது, நீங்கள் படுக்கும் இடத்தில் இருக்கவேண்டும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, 7 முதல் 10 வருடம். அது முடிந்த பிறகும் பட்டனை அமத்தினால் சத்தம் வரலாம், ஆனால் வாயுவை உணராமல் போகலாம். இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள்: வீட்டு அலாரங்கள் 70 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் ஒன்று முதல் நான்கு மணித்தியாலம் கழித்துத்தான் அடிக்கும்படி செய்யப்பட்டவை. அதற்குக் கீழே இருந்தால் பலநாள் பேசாமலே இருக்கலாம். அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக உங்கள் தலையிடியைத் தள்ளிவிட வேண்டாம்.

மருமகனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் அதை அடைத்தது மாமி குளிரில் நடுங்கக்கூடாது என்றுதானே? அங்கேயே தொடங்குங்கள். ‘தம்பி, நான் குளிருகிறது என்று சொன்னதற்காக நீங்கள் அடைத்தீர்கள், இப்போது நான்தான் எடுக்கச் சொல்கிறேன்’ என்று சொன்னால் அவருக்கு முகம் கோணாது. இந்தப் பதிலையே அனுப்பிவிட்டாலும் சரி. அவரிடம் நேரே பேசுவது சங்கடம் என்றால் மகளிடம் சொல்லுங்கள், ஆனால் இன்றைக்குச் சொல்லுங்கள்.

இனி உப்புவெளி. பாத்ரூமுக்குள் காஸ் ஹீட்டர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

காரணம் நீங்கள் இவ்வளவு நேரம் வாசித்ததேதான். சின்ன காஸ் ஹீட்டரும் கிட்டத்தட்ட 40,000 பி.டி.யூ, மகள் வீட்டு டாங்கி அளவு நெருப்பு. அதை ஐந்தடிக்கு எட்டடி பாத்ரூமுக்குள் வைக்கிறோம். கால் மணித்தியாலக் குளிப்பில் அந்த அறையின் காற்றில் மூன்றில் ஒரு பங்கை அது எடுத்துவிடும். நெருப்பு அரைகுறையாகத் தொடங்க அவ்வளவு கூடத் தேவையில்லை. ஏசி அறை, நுளம்புக்குப் பயந்து யன்னல் பூட்டு, பாத்ரூமில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி வேறு. ஸ்காபரோவில் டிரையர் செய்ததை இங்கே அந்த விசிறி செய்யும். கடற்கரையில் உப்புக்காற்று பேர்னரையும் புகைக்குழாயையும் சீக்கிரம் அரித்துவிடும், வாடை தொடங்கினால் குழாய்க்குள்ளேயே காற்று திருப்பி அடிக்கும். எங்கள் சிலிண்டரில் வரும் காஸ் காற்றை விடப் பாரம், லீக் ஆனால் மேலே போகாமல் தரையில் தேங்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்திகளுக்குப் பிறகு எல்லோரும் லீக்குக்குப் பயந்து சிலிண்டரை வெளியே வைக்கப் பழகிவிட்டோம், அது நல்லது. எரிந்த பிறகு வரும் வாயுவுக்கு அந்தப் பயம் இன்னும் வரவில்லை. மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டரை விறாந்தையில், யன்னலுக்குக் கீழே வைத்து ஓட்டிய வீடுகளை நான் கண்ணால் கண்டேன். அதுவும் இதே வாயுதான்.

2006இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்கு விடுமுறைக்குப் போன பிரித்தானியக் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகள், தங்கிய விடுதியிலேயே இறந்துபோனார்கள். பழுதான சுடுதண்ணீர்க் கொதிகலன் அறைக்குள் கூட இல்லை, அறையை ஒட்டிய கொட்டிலில் இருந்தது. சுவரில் விட்ட ஓட்டைகளால் வாயு உள்ளே வந்தது. ஆகவே ‘வெளியே ஒரு பெட்டிக்குள் வைத்தால் சரிதானே’ என்று பைப் வேலை செய்பவர் சொன்னாலும், யன்னல், ஏசிப் பைப் ஓட்டை, கூரை இடுக்கு எதற்கும் பக்கத்தில் இல்லாத திறந்த சுவராக இருக்கவேண்டும்.

என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். உப்புவெளிக்கு ஆட்கள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலம், வெயிலுக்குக் குறைவே இல்லை. கூரையில் சோலார் சுடுதண்ணீர் டாங்கி ஒன்று இரண்டு அறைக்கும் காணும். செலவு கூட என்றால் மின்சார ஹீட்டர், எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் ஒழுங்காகப் போட்டு. காஸை குசினியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தரை மட்டத்தில் ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு, உங்கள் அம்மாவின் குசினியில் இருந்தது போல.

ஃபேர்னஸின் முன்கதவைக் கழற்றினால் உள்ளே ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், டாங்கியின் பக்கத்திலும் ஒன்று. இரண்டையும், மேலே போகும் குழாய்களையும் மருமகன் படம் எடுத்து அனுப்பினால் எந்த வகை, எத்தனை பி.டி.யூ என்று பார்த்துச் சொல்கிறேன். உப்புவெளி அறைகளுக்கு இன்னும் கூரை போடவில்லை என்றால் ஒரு நாள் சொல்லுங்கள், நேரே வந்து பார்க்கிறேன். மழை பிடிக்க முன் வந்தால் நல்லது.